கிராஸ் ஓவருக்கு எந்த பாயிண்ட்? முதலில் உங்கள் நீளமான ரயில் பெட்டியை அளந்து பாருங்கள்

தேவகோட்டையில் இருக்கும் என் அண்ணன் மகன் வீட்டில் மாடல் ரயில் லே-அவுட் கட்டுகிறான், போன மாதம் கூப்பிட்டான். "சித்தப்பா, ரெண்டு லைனும் போட்டாச்சு. நடுவுல கிராஸ் ஓவர் வைக்கணும், எந்த பாயிண்ட் வாங்கட்டும்?" நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "உன்கிட்ட இருக்கற பெட்டியிலேயே நீளமானது எத்தனை மில்லிமீட்டர்?" ஸ்கேல் எடுத்து அளந்துவிட்டு 270 என்றான். அப்படியென்றால் அவன் வாங்குவதாக இருந்த சின்ன பாயிண்ட் ஆகாது. ஏன் ஆகாது என்று ஃபோனிலேயே விளக்க முக்கால் மணி நேரம் பிடித்தது, அதனால் அவனுக்காகவும் இதே கேள்வியோடு நிற்கிற மற்றவர்களுக்காகவும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காரைக்குடியில் பிளைவுட் கிடைக்கும், ஒயர் கிடைக்கும், ஆணி, பெவிகால், சுவிட்ச் எல்லாம் கிடைக்கும். பாயிண்ட், அதாவது ஒரு லைனிலிருந்து இன்னொரு லைன் பிரிகிற அந்தத் தண்டவாளத் துண்டு, மட்டும் கிடைக்காது. வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ தபாலில் வர வேண்டும், வந்தபின் சரியில்லை என்றால் திருப்பி அனுப்புகிற செலவு வாங்கின செலவில் பாதி ஆகிவிடும். ஒரு கிராஸ் ஓவருக்கு இரண்டு பாயிண்ட், எனவே தப்பும் இரண்டு மடங்கு. வாங்குவதற்கு முன் ஒரு வாரம் யோசித்தால் நஷ்டமில்லை.

கிராஸ் ஓவர் என்றால் அடுத்தடுத்து ஓடும் இரண்டு லைன்களில் ஒன்றிலிருந்து மற்றதற்கு வண்டி மாறுகிற இடம். காரைக்குடியோடு பயணம் முடிகிற வண்டி வந்து நின்றதும் இன்ஜின் கழன்று, முன்னால் போய், பக்கத்து லைனுக்கு மாறி, பின்பக்கமாக வந்து மறுமுனையில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாறுதலுக்குத்தான் இது. ஒரு லைனில் ஒரு பாயிண்ட், எதிர் லைனில் திருப்பி வைத்த இன்னொரு பாயிண்ட், இரண்டின் வளைந்த கைகளும் நடுவில் ஒன்றோடொன்று சேரும். அவ்வளவுதான். ஆனால் வண்டி முதல் பாயிண்டில் ஒரு பக்கம் வளைந்த உடனே அடுத்த பாயிண்டில் எதிர்ப்பக்கம் வளைகிறது. பாம்பு போல ஒரு நெளிவு. லே-அவுட்டில் பெட்டி தடம் புரள்கிற இடங்களைக் கணக்கெடுத்தால் இந்த நெளிவுதான் முதலிடத்தில் இருக்கும். தனியாக இருக்கும்போது ஒழுங்காக வேலை செய்கிற பாயிண்ட் கிராஸ் ஓவரில் தகராறு பண்ணுவதும் இதனால்தான்.

இந்த நெளிவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நம் பழைய நீல நிற ஐசிஎஃப் பெட்டியின் உடல் நீளம் 21.337 மீட்டர். ஹெச்ஓ அளவில், அதாவது 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால், 245 மில்லிமீட்டர். இப்போது ஓடும் எல்ஹெச்பி பெட்டி 23.54 மீட்டர், சுருக்கினால் 270. இரண்டிலும் அடியில் முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு சக்கரத் தொகுதிகளுக்கு நடுவே உள்ள தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், ஐசிஎஃபில் 14.783 மீட்டர், எல்ஹெச்பியில் 14.9 மீட்டர். ஆக எல்ஹெச்பியில் கூடுதலாக வந்த நீளம் முழுக்க இரண்டு முனைகளிலும் சக்கரத்துக்கு வெளியே தொங்குகிறது. மாடலில் ஐசிஎஃபின் முனை சக்கரத் தொகுதியின் நடுப்புள்ளியைத் தாண்டி 38 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் என்றால், எல்ஹெச்பியில் அது 50.

வளைவில் போகும்போது இந்தத் தொங்குகிற முனை தண்டவாளத்தின் நடுக்கோட்டை விட்டு வெளியே தள்ளும். எவ்வளவு என்று கணக்குப் போடலாம். 610 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவில் எல்ஹெச்பியின் முனை 9 மில்லிமீட்டர் வெளியே போகும். 914 ஆரத்தில் 6. 1524 ஆரத்தில் மூன்றரை. ஒரே பக்கமாக வளையும் பாதையில் பிரச்சினை இல்லை, முன்பெட்டியும் பின்பெட்டியும் ஒரே பக்கம் தள்ளுவதால் மாட்டியிருக்கும் இரண்டு முனைகளும் ஏறக்குறைய நேருக்கு நேர் இருக்கும். நெளிவில்தான் ஒன்று இடப்பக்கம் தள்ள மற்றது வலப்பக்கம் தள்ளுகிறது. ஆக அந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள்: 610-ல் 18 மில்லிமீட்டர், 914-ல் 12, 1524-ல் 7. கிராஸ் ஓவர் குட்டையானது, முழுப் பெட்டியும் வளைவுக்குள் அடங்காது, அதனால் நிஜத்தில் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், இது உச்ச அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் 18-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பெட்டியின் மொத்த அகலமே 37 மில்லிமீட்டர்தான். பாதி அகலம் விலகி நிற்கிற இரண்டு பெட்டிகளை ஒரு சின்னக் கொக்கி இழுத்துக்கொண்டு போக வேண்டும். இழுக்கும்போது எப்படியோ சமாளிக்கும். பின்னுக்குத் தள்ளும்போது கொக்கி பெட்டியைப் பக்கவாட்டில் உந்தும், பஃபர் இருந்தால் ஒன்றின் பின்னால் ஒன்று சிக்கிக்கொள்ளும், லேசான பெட்டி தண்டவாளத்தை விட்டு எழும்பிவிடும்.

சரி, இப்போது கடைப் பட்டியலுக்கு வருவோம். பாயிண்ட்டை இரண்டு விதமாகச் சொல்லி விற்கிறார்கள், குழப்பம் இங்கேதான். ஒரு சாரார் வளைவின் ஆரத்தைச் சொல்வார்கள், இன்னொரு சாரார் எண்ணைச் சொல்வார்கள். எண் என்பது ஃப்ராக் எண். இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்கிற அந்த மூக்கு எவ்வளவு கூர்மை என்பதன் அளவு. 6-ஆம் எண் என்றால் 6 பங்கு முன்னே போனால் 1 பங்கு விலகும். எண் பெரிதானால் கோணம் சிறிது, வண்டி மென்மையாகப் போகும், இடம் அதிகம் பிடிக்கும். 4 என்பது ஏறக்குறைய 14 டிகிரி, 6 ஒன்பதரை, 8 ஏழு டிகிரிக்குக் கொஞ்சம் மேல். நம் இந்திய ரயில்வேயிலும் இதே கணக்குத்தான், யார்டில் எட்டரைக்கு ஒன்று, பயணி வண்டி மாறுகிற லைனில் பன்னிரண்டுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டை நம் பலகையில் வைக்க நடைமுறையில் யாருக்கும் இடம் இருக்காது, ஆசைப்பட வேண்டாம்.

எண்களைப் பார்க்கும்போது 4-க்கும் 6-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை போலத் தோன்றும். உண்மை அப்படி இல்லை. அமெரிக்க மாடல் ரயில்காரர்களின் சங்கமான என்எம்ஆர்ஏ தந்திருக்கும் அளவுகளில், ஹெச்ஓவில் 4-ஆம் எண் பாயிண்டுக்குள் இருக்கும் வளைவின் ஆரம் 15 அங்குலம், 6-ஆம் எண்ணில் 43 அங்குலம். ஏறக்குறைய மூன்று மடங்கு. கிராஸ் ஓவருக்கு 6 வாங்குங்கள் என்று பழகினவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் பாயிண்ட் வரும் அட்டைப்பெட்டிமேல் அச்சடித்திருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அட்லஸ் கம்பெனி கஸ்டம் லைன் 4 என்று விற்பது உண்மையில் நாலரை, பன்னிரண்டரை டிகிரி. அதனால் நினைத்ததைவிட நன்றாகவே ஓடும். கேட்டோ கம்பெனியின் ‘என்’ ஸ்கேல் (ஹெச்ஓவைவிடச் சின்ன அளவு) பாயிண்டுகளில் 4, 6 இரண்டுமே 15 டிகிரிதான், மாறுவது ஆரம்: 4-க்கு 481 மில்லிமீட்டர், 6-க்கு 718. அங்கே எண்ணை ஒரு பெயராக மட்டும் எடுத்துக்கொண்டு ஆரத்தைப் பாருங்கள்.

பீக்கோ கம்பெனியின் ஸ்ட்ரீம்லைனில் கோட் 100, கோட் 75 (கோட் என்பது தண்டவாள உயரத்தைக் குறிக்கும் எண்) இரண்டு வரிசைகளிலும் சின்னது, நடுத்தரம், பெரியது எல்லாமே 12 டிகிரி. சின்னதின் ஆரம் 610 மில்லிமீட்டர், நீளம் 185. நடுத்தரம் 914, நீளம் 219. பெரியது 1524, நீளம் 258. எதை எடுத்தாலும் இரண்டைச் சேர்த்தால் லைன்களுக்கு நடுவே 50.8 மில்லிமீட்டர், அதாவது சரியாக இரண்டு அங்குலம் வந்து நிற்கும். கோணம் ஒன்று என்பதால் ஒரு சின்னதையும் ஒரு பெரியதையும் சேர்த்துக்கூட கிராஸ் ஓவர் கட்டலாம், பொருந்தும். ஆனால் அதில் பலன் இல்லை, சின்னதில்தான் பெட்டி புரளும். இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும்.

இடக் கணக்கு என்ன ஆகும்? சின்னது இரண்டு வைத்தால் கிராஸ் ஓவரின் மொத்த நீளம் 370 மில்லிமீட்டர் அளவில் வரும், நடுத்தரம் 440, பெரியது 515. சின்னதுக்கும் பெரியதுக்கும் வித்தியாசம் ஆறு அங்குலம்கூட இல்லை. ஆறடிப் பலகையில் ஆறங்குலம் கண்டுபிடிக்க முடியாதா? நிலையத்து நடைமேடையைக் கொஞ்சம் சுருக்குங்கள், சைடிங் ஒன்றைக் குறையுங்கள், கிராஸ் ஓவரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். என் தீர்ப்பு இது: எல்ஹெச்பி ஓட்டுவீர்கள் என்றால் பெரியது. ஐசிஎஃப் மட்டும் என்றால் நடுத்தரம் போதும். சரக்கு வேகனும் குட்டையான ஷண்டிங் இன்ஜினும் மட்டும் போகிற யார்டுக்குள் சின்னது தாராளமாகப் போடலாம், அங்கே அது நியாயமான தேர்வு.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செட்டுகளோடு வரும் பாயிண்டுகளை, ஹார்ன்பி, பீக்கோ செட்ட்ராக் வகைகளை, பிரதான லைன் கிராஸ் ஓவருக்கு வைக்காதீர்கள். அவற்றின் ஆரம் 438 மில்லிமீட்டர், கோணம் இருபத்திரண்டரை டிகிரி, லைன்களுக்கு நடுவே 67 மில்லிமீட்டர் இடைவெளி. மேலே சொன்ன கணக்கை இதற்குப் போட்டால் எல்ஹெச்பிக்கு 25 மில்லிமீட்டர் விலகல் வருகிறது. குட்டை வண்டிகளை ஓட்டும் பிள்ளைகளுக்கு அது சரி. அதோடு ஸ்ட்ரீம்லைனையும் செட்ட்ராக்கையும் ஒரே கிராஸ் ஓவரில் கலக்கவே கூடாது, கோணம் வேறாக இருப்பதால் லைன்கள் இணையாகவே நிற்காது.

லைன்களுக்கு நடுவே இரண்டு அங்குலம் போதுமா என்று கேட்பீர்கள். நேர்க்கோட்டில் போதும். வளைவில் போதாது. 610 ஆர வளைவில் உள்லைன் எல்ஹெச்பியின் முனை 9 மில்லிமீட்டர் வெளியே தள்ளும், வெளிலைன் பெட்டியின் நடுவயிறு 6 மில்லிமீட்டர் உள்ளே வரும், பெட்டி அகலம் 37, கூட்டினால் 52. இடைவெளியோ 50.8. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் உரசும். ஆகவே கிராஸ் ஓவரை நேர்க்கோட்டில் வைத்து அங்கே இரண்டங்குலமே இருக்கட்டும், வளைவு தொடங்கும் முன் லைன்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டிக்கொள்ளுங்கள். கிராஸ் ஓவர் இருக்கிற இடத்திலேயே இடைவெளி கூட வேண்டுமென்றால் இரண்டு பாயிண்டுக்கும் நடுவே நேர்த் தண்டவாளத் துண்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 12 டிகிரி பாயிண்டில் ஒவ்வொரு மில்லிமீட்டர் அகலத்துக்கும் 4.8 மில்லிமீட்டர் நீளம். 60 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டுமா, 44 மில்லிமீட்டர் துண்டு. 6-ஆம் எண் பாயிண்ட் என்றால் ஒன்றுக்கு ஆறு. இந்தத் துண்டால் இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு எதிர் வளைவுகளுக்கு நடுவே நேரான பகுதி நீளுகிறது, நெளிவின் கடுமை குறைகிறது. இடமிருந்தால் இதைச் செய்யச் சொல்லுவேன்.

அடுத்து இடதா வலதா. ஒரு கிராஸ் ஓவருக்கு ஒரு இடது பாயிண்டும் ஒரு வலது பாயிண்டும் வேண்டும் என்று நினைத்து ஆர்டர் போடுகிறவர்கள் நிறையப் பேர். தப்பு. இரண்டும் இடது, அல்லது இரண்டும் வலது. ஒன்றைத் திருப்பி வைக்கிறோம் அல்லவா, திருப்பினால் இடது இடதாகவேதான் இருக்கும். சந்தேகமாக இருந்தால் உங்கள் இரண்டு உள்ளங்கைகளை நினைக்காமல் ஒரே அச்சில் வார்த்த இரண்டு செருப்பை, இரண்டும் இடக்கால் செருப்பாக, எதிரெதிரே வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

எந்தக் கை என்பது எதற்காக கிராஸ் ஓவர் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நம் காரைக்குடிப் பக்கம் ஒற்றை வழி, ஆனால் திருச்சியிலிருந்து விழுப்புரம் போகிற வழி இரட்டை, அங்கே வண்டிகள் இடப்பக்க லைனில் ஓடும். அப்படி ஓட்டும்போது இரண்டு வலது பாயிண்ட் வைத்தால் வண்டி நிற்காமல் நேராக எதிர் லைனுக்கு மாறலாம். இதை ஃபேஸிங் என்பார்கள். இரண்டு இடது வைத்தால் வண்டி தாண்டிப் போய், நின்று, பின்னுக்கு வந்துதான் மாற முடியும். இது ட்ரெய்லிங். நிஜ ரயில்வேயில் பழைய காலம் முதலே ட்ரெய்லிங்கைத்தான் விரும்பினார்கள். ஃபேஸிங் பாயிண்ட் தவறாக விழுந்திருந்தால் வேகமாக வரும் வண்டி அப்படியே எதிர் லைனுக்குள் போய்விடும், அதனால் ஃபேஸிங்குக்குத் தனிப் பூட்டு ஏற்பாடுகள் வேண்டும். லே-அவுட்டில் அசலைப் போல வேண்டுமென்றால் ட்ரெய்லிங், வண்டிகள் வீட்டைச் சுற்றி நிற்காமல் லைன் மாறி மாறி ஓட வேண்டுமென்றால் ஃபேஸிங். இரண்டும் வேண்டுமா? ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கிராஸ் ஓவர் வையுங்கள். ஒரே இடத்தில் இரண்டையும் குறுக்கே வெட்டவிட்டு ‘எக்ஸ்’ போல வைக்கும் டபுள் கிராஸ் ஓவரும் ஒரே துண்டாகக் கிடைக்கிறது. கேட்டோ ‘என்’ ஸ்கேலில் 33 மில்லிமீட்டர் இடைவெளியில் செய்கிறது, வால்தர்ஸ் ஹெச்ஓவில் 6-ஆம் எண்ணில் செய்கிறது. பார்க்க அழகு. ஆனால் நாலு பாயிண்டும் ஒரு குறுக்கு வெட்டும் ஒரே துண்டில் என்பதால் ஒன்று கெட்டால் மொத்தமும் போச்சு. முதல் லே-அவுட்டுக்கு வேண்டாம்.

மின்சாரம். ஃப்ராக் பிளாஸ்டிக்காக இருந்தால் பீக்கோவில் இன்சுல்ஃப்ராக், உலோகமாக இருந்தால் எலக்ட்ரோஃப்ராக், இப்போது வரும் யூனிஃப்ராக்கில் ஒரு சின்ன உலோகத் துண்டும் அதற்கு ஒரு ஒயரும் இருக்கும், இணைத்தாலும் சரி இணைக்காவிட்டாலும் சரி. நாலு சக்கர ஷண்டிங் இன்ஜின் மெதுவாகப் போய் பிளாஸ்டிக் மூக்கின் மேல் நின்றுவிடும், விரலால் தள்ள வேண்டியிருக்கும். கிராஸ் ஓவரில் அடுத்தடுத்து இரண்டு மூக்கு. ஆகவே உலோகம்தான் நல்லது. ஆனால் உலோக ஃப்ராக் என்றால் இரண்டு பாயிண்டும் சேரும் இடத்தில் இரண்டு தண்டவாளத்திலும் மின்சாரம் கடக்காத பிளாஸ்டிக் ஜாயினர் (தண்டவாள முனைகளை இணைக்கும் துண்டு) கட்டாயம் போட வேண்டும். ஒன்றில் அல்ல, இரண்டிலும். ஒவ்வொரு தண்டவாளமும் ஒரு முனையில் ஒரு பாயிண்டின் மூக்கோடும் மறுமுனையில் மற்ற பாயிண்டின் வெளித் தண்டவாளத்தோடும் சேர்கிறது, விட்டால் ஷார்ட் ஆகும். தண்டவாள மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் சாதா டிசியில் லைனுக்கு ஒரு கன்ட்ரோலர் வைத்திருந்தாலும் இந்த மின் இடைவெளி வேண்டும், வண்டி மாறும் நேரம் இரண்டு கன்ட்ரோலரும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியாக டிஜிட்டல் கட்டளை போகும் டிசிசி முறையில் அந்தத் தொல்லை இல்லை, இரண்டு லைனுக்கும் ஒயர் நிறம் மாறாமல் கொடுத்தால் போதும்.

தண்டவாளம் நிக்கல் சில்வராக இருக்கட்டும். பெயரில்தான் சில்வர், உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். பழைய பித்தளைத் தண்டவாளம் மலிவாக யாராவது கொடுத்தால் கிராஸ் ஓவருக்கு எடுக்காதீர்கள், சீக்கிரம் கறுத்து மின்சாரம் விட்டுவிட்டு வரும். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அரிமானம் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தண்டவாள உயரமும் லே-அவுட்டில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும், கோட் 100 என்றால் இரண்டரை மில்லிமீட்டர், கோட் 75 என்றால் 1.9. உங்களிடம் பழைய, விளிம்பு பெரிதான சக்கரங்கள் இருந்தால் கோட் 100-லேயே இருந்துவிடுங்கள்.

பாயிண்டை மாற்றிப் போடும் மோட்டாருக்கு ஒரே விதி, இரண்டு பாயிண்டும் ஒரே சுவிட்சில் ஒன்றாக விழ வேண்டும். ஒன்று விழுந்து மற்றது விழாமல் இருப்பதுதான் கிராஸ் ஓவரில் நடக்கும் விபத்துகளில் பாதி. காந்தச் சுருள் மோட்டார் என்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் அடிக்க சாதா டிரான்ஸ்ஃபார்மருக்குத் தெம்பு போதாது, கெபாசிட்டர் வைத்த டிஸ்சார்ஜ் யூனிட் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். டார்ட்டாய்ஸ் போல மெதுவாக நகரும் மோட்டார் என்றால் ஃப்ராக்குக்கான சுவிட்சும் அதற்குள்ளேயே இருக்கிறது, ஆனால் பலகைக்குக் கீழே மூன்றரை அங்குல ஆழம் கேட்கும். பீக்கோ பாயிண்டில் உள்ள சின்ன ஸ்பிரிங்கை இந்த வகை மோட்டாருக்குக் கழற்றிவிட வேண்டும்.

இனி நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. பணம் கட்டும் முன் தரையில் போட்டுப் பாருங்கள்.

பீக்கோ தன் பாயிண்டுகளின் முழு அளவு படங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அதை அச்சடித்து வெட்டி, இரண்டைச் சேர்த்து ஒட்டினால் கிராஸ் ஓவர் கண்முன் வந்துவிடும். எங்கள் வீட்டுப் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது, எட்டங்குலச் சதுரம். கல்லின் கோடுகளே கட்டம் போட்ட தாளாகி விடுகின்றன. கையால் செய்த கல் என்பதால் கோடுகள் இம்மி இம்மி விலகியிருக்கும், அதனால் ஆசாரி நூல் அடிப்பது போல ஒரு நூலில் சாக்பீஸ் தேய்த்து இரண்டு லைனுக்கும் இரண்டு கோடு அடித்துக்கொள்வேன். கோட்டின்மேல் காகிதப் பாயிண்டை வைத்து, அதன்மேல் ஃப்ளெக்ஸ் ட்ராக் துண்டு ஒன்றை விரலால் வளைத்து அந்த நெளிவிலேயே பிடித்து டேப் ஒட்டி, உங்கள் நீளமான இரண்டு பெட்டிகளை மாட்டி கையால் தள்ளுங்கள். முட்டி போட்டு, கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு பெட்டியும் சேரும் இடத்தை மட்டும் பாருங்கள். முதலில் இழுத்து, அப்புறம் பின்னுக்குத் தள்ளி. தள்ளும்போது கொக்கி பக்கச் சுவரில் போய் முட்டி நிற்கிறதா, வெளிச் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின்மேல் ஏறப் பார்க்கிறதா என்று தெரிந்துவிடும். சின்ன பாயிண்டின் படத்தில் ஒருமுறை, பெரியதின் படத்தில் ஒருமுறை செய்தால் நான் மேலே எழுதின கணக்கெல்லாம் தேவையே இல்லை, கையிலேயே வித்தியாசம் தெரியும்.

அச்சடிக்கும்போது ஒரு எச்சரிக்கை. எனக்கு ஜெராக்ஸ் கடையில் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அடித்துக் கொடுத்துவிட்டார்கள். 219 இருக்க வேண்டிய பாயிண்ட் 210-ஆக வந்திருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. அதை வைத்து ஆசாரியிடம் பலகை அளவு கொடுத்துவிட்டேன். நிஜப் பாயிண்ட் வந்து வைத்தபோது இரண்டு பாயிண்டுக்குமாகச் சேர்ந்து 18 மில்லிமீட்டர் நகர்ந்து, பலகைகள் சேரும் கோடு, பாயிண்டின் நாக்குகளை அசைக்கிற நகரும் கட்டையின் மேலேயே வந்து உட்கார்ந்தது. அந்தப் பலகையைத் திரும்ப அறுக்க வேண்டியதாயிற்று. அளவு மாற்றாமல், நூற்றுக்கு நூறு என்று சொல்லி அடித்து வாங்குங்கள், வாங்கின இடத்திலேயே ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

பலகை இணைப்பு பற்றிச் சொன்னது நம் பக்கத்துக்கு முக்கியம். இங்கே பல வீடுகள் விசேஷத்துக்குத் திறக்கிற வீடுகள். கல்யாணம் வந்தால் பட்டாலை, வளவு எல்லாம் காலியாக வேண்டும், லே-அவுட்டைத் துண்டு துண்டாகக் கழற்றி இரண்டாங்கட்டு அறைக்குள் வைக்க வேண்டும். எனவே கிராஸ் ஓவர் முழுவதும் ஒரே பலகைக்குள் அடங்கட்டும், இரு முனையிலும் குறைந்தது நாலு அங்குலம் விட்டு. கீழே குறுக்குச் சட்டம் எங்கே போகிறது என்று முன்பே பார்த்து, நகரும் கட்டைக்கு நேர் கீழே சட்டம் வராமல் செய்யச் சொல்லுங்கள். ஆசாரியிடம் வாயால் சொன்னால் போதாது, பலகையின் மேலேயே பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பூட்டிக்கிடக்கும் அறைக்குள் தண்டவாளம் நீளும், ஒரு மீட்டருக்கு 20 டிகிரி வித்தியாசத்தில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு. கொஞ்சம்தான், ஆனால் கிராஸ் ஓவரை இரண்டு பக்கமும் நெருக்கினால் பாயிண்டின் மெல்லிய நாக்கு பக்கத் தண்டவாளத்தோடு ஒட்டாமல் நிற்கும். கிராஸ் ஓவருக்கு வெளியே நாலு பக்கமும் முதல் ஜாயினரில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி விடுங்கள்.

பொருத்தும்போது முதல் வாரம் பாயிண்ட்டுகளை வெறுமனே வைத்து ஓரத்தில் இரண்டே ஆணியால் நிறுத்தி ஓட்டுங்கள். உங்கள் எல்லா வண்டியையும், முக்கியமாகப் பின்னுக்கு. ஏதாவது புரண்டால் எந்தப் பெட்டி, எந்தச் சக்கரம், எந்த இடம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். ஒரே பெட்டி எல்லா இடத்திலும் புரண்டால் அந்தப் பெட்டியின் சக்கர இடைவெளியைச் சரிபாருங்கள், எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் புரண்டால் அங்கே ஜாயினர் தூக்கியிருக்கும், விரல் நகத்தால் தடவினாலே தட்டுப்படும். அந்தச் சீட்டு காலியாக ஒரு வாரம் போனபின் ஜல்லி கொட்டுங்கள். பசை ஊற்றும் முன் நகரும் கட்டைக்கு இரண்டு பக்கமும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவிக்கொண்டால் பசை அங்கே பிடிக்காது. பசை காய்கிற வரை அரைமணிக்கு ஒருமுறை போய் இரண்டு பாயிண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருங்கள்.